ஒரு டன் மில்லிங் மெஷினை வீட்டு ஷெட்டுக்குள் இறக்குவது எப்படி?

சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்துவிட்டால் மனசு அதிலேயே நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்குப் போங்கள்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் கண்ணில் படுவது எம்1டிஆர் வகை. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938-ல் வந்த டரட் மில்லின் (மேல்பாகம் திரும்பக்கூடிய மில்லிங் மெஷின்) வழியில் செய்தது. எடை ஏறக்குறைய ஒரு டன். ஹெட் (கட்டர் சுற்றும் தலைப்பகுதி), மோட்டார், ராம் (ஹெட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் கை) எல்லாம் மேலே இருக்க, அடிப்பாகம் சுமார் இரண்டடிக்கு மூன்றடிதான். அதனால் தள்ளினால் நகருவதற்கு முன்னால் சாயப் பார்க்கும். கிரேனில் தொங்கும் நேரம் போக, மற்ற எந்த நேரத்திலும் மெஷின் தரையிலிருந்து ஒன்றிரண்டு இஞ்சுக்கு மேல் எழவே கூடாது. கீழே சொல்லும் எல்லா வேலையும் இதற்காகத்தான்.

முதலில் வழியைப் பாருங்கள்

ஷட்டர் உயரம், கேட் அகலம் இரண்டையும் அளந்துவிடுவீர்கள். பலரும் மறப்பது தரைக்கு அடியில் இருப்பதை. பாளையங்கோட்டை பக்கம் எத்தனையோ வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருக்கும். "கார் நிற்கிறதே, இது நிற்காதா?" என்று கேட்காதீர்கள். காரின் எடை நான்கு டயர்களில் தள்ளித் தள்ளிப் பரவும். இதன் எடை முழுவதும் சின்ன இடத்தில், அதுவும் உருட்டுவதற்காக அடியில் போடும் பைப்புகள் தரையைத் தொடும் மெல்லிய கோடுகளில் இறங்கும். டேங்க் மூடி மேல் கொண்டுபோகவே வேண்டாம், சுற்றிப் போங்கள். கடப்பா கல், டைல்ஸ் தரை என்றால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொப்பென்று கேட்கும் இடத்தில் அடியில் வெற்றிடம் இருக்கிறது, அது உடையும். வழி நெடுக 6 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் தரையும் தப்பும், உருளைகளும் தடங்கலில்லாமல் ஓடும்.

கயத்தாறு பக்கம் மாதிரி கரிசல் மண் என்றால், மழையில் உப்பி கோடையில் வெடிக்கும் மண் அது. மெஷின் நிற்கும் இடத்தில் கம்பி கட்டி ஆறு இஞ்ச் கான்கிரீட் போட்டு, 28 நாள் விட்டுவிட்டு அப்புறம் மெஷினைக் கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். லோடு லாரி வாசல் மண்ணில் பதிந்தால் அன்றைய பொழுது போச்சு.

ஏற்றுவதற்கு முன்

கோயம்புத்தூரிலிருந்து வருகிறதென்றால் பதினாலு அடி லாரி பிடியுங்கள். குட்டியானை இந்த எடைக்கும் உயரத்துக்கும் ஆகாது.

ஹெட்டின் முகப்பில் உள்ள நான்கு நட்டுகளைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். மோட்டார் கீழே வந்துவிடும். டேபிளில் ஒரு மரக்கட்டை வைத்து, மோட்டார் அதில் உட்காரும் அளவுக்கு டேபிளை ஏற்றி லாக் செய்யுங்கள். உயரமும் குறையும், பாரமும் கீழிறங்கும். ராம் லாக், டரட் போல்ட்டுகளை நன்றாக முறுக்குங்கள். இவை தளர்ந்திருந்தால், தூக்கும்போது ராம் வழுக்கும் அல்லது மேல்பாகம் அப்படியே திரும்பிவிடும்.

இறக்குவது

ஹைட்ரா கிரேன் சொல்லும்போதே தெருவில் குறுக்கே போகும் சர்வீஸ் வயரைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். தூக்கும் பெல்ட் பச்சை நிறமாக இருக்கட்டும், அது இரண்டு டன் தாங்கும். ராமில் ஐ-போல்ட் இருந்தால் அதில் மாட்டலாம், இல்லையென்றால் ராமுக்கு அடியில் பெல்ட்டைக் கொடுங்கள். ஹேண்டில், ஸ்குரூ எதிலும் பெல்ட் படக்கூடாது. கூர்மையான விளிம்பில் சாக்கு மடித்து வையுங்கள். முதலில் ஒரே ஒரு இஞ்ச் தூக்கச் சொல்லி நிறுத்துங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து, இறக்கி, பெல்ட்டைத் தள்ளி வைத்து மறுபடி தூக்குங்கள். நேராக எழும்பும் வரைக்கும் இதைச் செய்ய அலுத்துக்கொள்ள வேண்டாம்.

உருட்டுவது

கிரேன் கூரைக்குள் வராது. அங்கிருந்து உருளைதான். ஒரு இஞ்ச் சைஸில் கனத்த ஜி.ஐ. பைப், மெஷின் அகலத்தைவிட இரு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். எந்த நேரமும் மூன்று பைப்பாவது அடியில் இருக்க வேண்டும். பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போட ஒருவர். பின்பக்கம் கடப்பாரையால் நெம்ப ஒருவர். ஆப்போடு கூடவே வர ஒருவர். நெல்லையப்பர் தேருக்குத் தடி போடுவதும் முட்டுக்கட்டை போடுவதும் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். கிளப்புகிற வேலையைவிட நிறுத்துகிற வேலை பெரிது. அதனால் ஆப்பு வைக்கும் ஆள் அனுபவமுள்ளவராக இருக்கட்டும்.

குரல் ஒருவருடையது மட்டுமே. "அண்ணாச்சி, தடி போடுங்க" என்று அவர் சொன்னால்தான் நெம்ப வேண்டும். திரும்ப வேண்டுமானால் முன் பைப்பின் நுனியைச் சுத்தியலால் தட்டிக் கோணலாக்குங்கள், மெஷின் தானே அந்தப் பக்கம் திரும்பும். கையை மட்டும் அடியில் விடாதீர்கள், பைப்பைக் குச்சியால் நகர்த்துங்கள்.

சரிவு இருந்தால் ஆள் பலத்தை நம்ப வேண்டாம். உள்ளே உள்ள கான்கிரீட் தூணில் செயின் புல்லி கட்டி இழுங்கள். செங்கல் சுவரிலோ கேட் தூணிலோ கட்டாதீர்கள். பள்ளப் பக்கம், மெஷினுக்கு நேர் பின்னால், யாரும் நிற்கக்கூடாது. ஆப்பு வைப்பவரும் பக்கவாட்டில் நின்றுதான் வைக்க வேண்டும்.

இடத்துக்கு வந்ததும் ஒரு ஓரத்தைக் கடப்பாரையால் அரை இஞ்ச் நெம்பி, மரத்துண்டு கொடுத்து, பைப்பை உருவி, மெதுவாக இறக்குங்கள். அப்புறம் மறு ஓரம்.

நின்ற பிறகு

டேபிளில் ஸ்பிரிட் லெவல் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்து, அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். வீட்டு லைன் சிங்கிள் பேஸ் என்றால் வி.எஃப்.டி. (சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கும் கருவி) வைத்து ஓட்டலாம். ஆனால் அதிலிருந்து வருவது பொதுவாக 230 வோல்ட் மூன்று பேஸ். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றலாமா என்று மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து எலக்ட்ரீஷியன் சொல்வார். எர்த் கட்டாயம்.

தலைகீழாகத் திருப்பிய ஹெட்டை இரண்டு பேர் பிடித்து நிமிர்த்துங்கள். அது இப்போது நேராக இருக்காது. ஸ்பிண்டிலில் (கட்டர் மாட்டும் சுழல்தண்டு) டயல் கேஜ் மாட்டி, கையால் சுற்றி, டேபிளின் இடது வலது இரண்டு பக்கமும், அப்புறம் முன்னும் பின்னும், முள் ஒரே அளவு காட்டும் வரை சரிசெய்து நட்டுகளை முறுக்குங்கள். முறுக்கிய பிறகும் ஒரு முறை டயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு கட்டரை மாட்டலாம்.