கோம்ரேட்ஸ் ஓட விரும்பும் ஆண்களுக்கு: பயிற்சியையும் எடையையும் உடல் கெடாமல் கையாளும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வாழும் நம் ஆண்களில் பலர், புத்தாண்டு பிறந்ததும் கோம்ரேட்ஸ் மாரத்தானை மனத்தில் வைத்து ஓடத் தொடங்குகிறார்கள். இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தை 12 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய இந்த ஓட்டம் 1921இல் தொடங்கியது. டர்பனில் நம்மவர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ பேரை நாற்காலியிலிருந்து எழுப்பி நடக்கவைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் தொப்பையைக் குறைக்கும் அவசரமும் கிலோமீட்டரைக் கூட்டும் அவசரமும் ஒரே நான்கு மாதங்களில் சேரும்போது, ஆண் உடல் அதற்குக் கடுமையான விலை கொடுக்கிறது. முதலில் எடையை மெல்லக் குறைத்து, அது நிலைத்த பிறகு ஓட்டத்தைக் கூட்டுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. நான் 42ஆம் வயதில் இரண்டையும் சேர்த்தே செய்தேன். ஏப்ரலுக்குள் 13 கிலோ குறைந்தது, அதோடு தூக்கமும் தாம்பத்திய விருப்பமும் போயின. அன்று என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. ஓட்டத்தைப் பாதியாக்கி, வயிறாரச் சாப்பிடச் சொன்னார்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக விதைகளுக்குச் செல்லும் கட்டளையே டெஸ்டோஸ்டிரோன் சுரப்பையும் விந்தணு உற்பத்தியையும் நடத்துகிறது. வயிற்றுக் கொழுப்பு மிகுந்தால், அந்தக் கொழுப்புத் திசுவே டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அதனால் அந்தக் கட்டளையும் தளர்கிறது. நேர்மாறாக, உண்பது குறைந்து ஓடுவது மிகுந்தால், உடல் அதைப் பஞ்சகாலமாக எண்ணி, உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாத இனப்பெருக்க வேலையை மூளையிலேயே அடக்கிவைக்கிறது. பருத்தவரும் மிகையாக ஓடி மெலிந்தவரும் ஒரே குறையோடு மருத்துவரிடம் வந்து நிற்பது இதனால்தான். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைப் பற்றி எழுதியபோது, அது பெண் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று, ஆண்களுக்கும் வரும் என்று தெளிவுபடுத்தியது.

தொடங்கும் முன் மூன்று அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசிய வம்சாவளி ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரே எச்சரிக்கைக் கோடு. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வதும், அதனால் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதும் இதற்குக் காரணம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து டர்பனில் இறங்கியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் கரும்புத் தோட்டத்தில் நாள் முழுதும் வெட்டிச் சுமந்தவர்கள். அந்த உழைப்பு போய்விட்டது, தட்டில் குவியும் சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டாவது எடை: வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில். மூன்றாவது, படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பு. இந்த மூன்றில் நாடித்துடிப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். எடை இயந்திரம் சொல்லாததை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

நாற்பதைத் தாண்டியவர், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர், தந்தைக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர் ஆகியோர் கடும்பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். விறைப்புக் குறைபாடு இருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. ஆகவே இரத்தக் குழாய்களில் படியும் கொழுப்பு, நெஞ்சுவலியாக வெளிப்படும் முன்னரே இங்கே தன்னைக் காட்டிக்கொள்வதுண்டு. நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. இத்தாலியில் உடல்பருமனும் இக்குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் திருத்திக்கொண்ட 55 பேரில் 17 பேருக்கு இயல்பான விறைப்பு திரும்பியது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற மற்ற 55 பேரில் அது மூவருக்கே திரும்பியது.

முதல் மூன்று மாதங்கள் நடையும் எடையும் மட்டுமே. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் டர்பன் கடற்கரை நடைபாதையில் விரைந்து நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச 150 நிமிடங்கள் நிறைவேறிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். இதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். எடை குறைவது வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். அதைவிட வேகமாகக் குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைகிறது. நூறு கிலோ எடையுள்ளவர் ஐந்து முதல் பத்து கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குறிப்பிடத்தக்க அளவில் சீராகும். பருப்பு, பீன்ஸ் கறி, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் தட்டில் வையுங்கள். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌவை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். முயற்சி ஏதுமின்றி எடை குறைந்தால் மகிழாதீர்கள்; காசநோய், நீரிழிவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றை மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதன்பின் சனிக்கிழமை காலைகளில் பூங்காக்களில் நடக்கும் இலவச ஓட்டமான பார்க்ரன்னின் 5 கிலோமீட்டரில் தொடங்கி, ஓடுவதும் நடப்பதுமாகத் தூரத்தைக் கூட்டலாம். வாரந்தோறும் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது ஓட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. அதைவிட, வாரத்தின் மிக நீண்ட ஓட்டத்தைத் திடீரென்று நீட்டாமல் இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். டர்பனின் கோடைப் புழுக்கத்துக்கு அஞ்சி விடியற்காலை நான்கு மணிக்கே ஓடுபவர், இரவு ஒன்பதுக்குள் படுத்துவிட வேண்டும். 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே உறங்கிய இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. உறக்கத்தைத் திருடி ஓடுவதற்கு, ஓடாமல் உறங்குவதே மேல்.

விரதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் ஒருவேளை உணவோடு இருப்பவர்களுக்கு, அது தென்னாப்பிரிக்கக் கோடையின் உச்சத்திலும் கோம்ரேட்ஸ் பயிற்சி சூடுபிடிக்கும் நேரத்திலும் வருகிறது. அந்த நாட்களில் நீண்ட ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெல்ல நடப்பது போதும். முருகனுக்கு எடுத்த விரதத்தோடு வேறொரு போட்டியைச் சேர்க்க வேண்டாம். புரட்டாசியில் இறைச்சியை விடுபவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொண்டால் தசை இழப்பு நேராது. இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மிகைப்பயிற்சியின் அடையாளங்கள் பெரும்பாலும் வீட்டார் கண்ணில்தான் முதலில் படும். களைத்துப் படுத்தும் உறக்கம் வராமை, சிறு சொல்லுக்கும் சினம், அடிக்கடி சளி, பழைய வேகத்துக்கே மூச்சு வாங்குதல், காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிடப் பல நாட்களாக ஐந்து பத்து கூடியிருத்தல், காலைநேர விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமை ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்தால், அன்றே பயிற்சியைப் பாதியாக்கி உணவைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் தேறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் இரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே அளவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஜிம்மில் யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் வாங்காதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தவுடன் மூளையின் கட்டளை நின்று, விதைகள் சுருங்கி, விந்தணு உற்பத்தி அற்றுப்போகும். நிறுத்திய பின்னும் அது மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு இது பேரிழப்பு. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதங்களுக்கு மேல் ஆவதால், இன்று திருத்திய பழக்கத்தின் பலனை மூன்று மாதம் கழித்தே பரிசோதனையில் காண முடியும்.

ஓடும் நாளில் தண்ணீரைத் தாகத்துக்கேற்பக் குடியுங்கள். வழியில் நீட்டும் தண்ணீர்ப் பைகளையெல்லாம் குடித்தாக வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து மயக்கத்தில் தள்ளும் என்பதை, கேப்டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ் 1985இலேயே நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் கண்டு எழுதினார். ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகளை விழுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, மயக்கம் வந்தாலோ அங்கேயே நின்று ஆம்புலன்ஸ் எண்ணான 10177ஐ அழையுங்கள். கைப்பேசியிலிருந்து 112ஐயும் அழைக்கலாம். ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் இரண்டு வாரம் ஓடாமல் நடந்து, காலை நாடித்துடிப்பு உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய எண்ணுக்குத் திரும்பிய பிறகே அடுத்த பயிற்சியைத் தொடங்குங்கள்.