காட்டோரத் தோட்டத்தில் மைக்கேனியா கொடியை அகற்றுவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மைக்கேனியாவைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மரங்களின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்து கிடக்கும். கேரளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரே நாளில் 8, 9 செ.மீ. கூட வளரும். அடியில் இருக்கும் கன்றுகள் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும்.

இதை அழிக்க, இந்தக் கொடிக்குத் துரு நோய் உண்டாக்கும் ஒரு பூஞ்சையை 2005-06-ல் அசாமிலும் கேரளத்திலும் விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆகவே கையால்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சரியான கொடிதானா என்று பாருங்கள். இதய வடிவ இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். வேலிப்பருத்தியும் அப்படித்தான், ஆனால் அதைக் கிள்ளினால் பால் வடியும். சீந்திலில் இலைகள் மாறி மாறி வரும். அவை நம் கொடிகள், தொடாதீர்கள்.

பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். பூத்துவிட்டால் பஞ்சு போன்ற விதைகள் காற்றில் பறந்துவிடும்.

அடுத்து வெட்டுவது. மரத்தடியில் ஒரு வெட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பதை இழுக்க வேண்டாம். இழுத்தால் இளங்கிளைகளும் சேர்ந்து முறியும். தரையில் படாமல் தொங்கினால் அது தானாகக் காய்ந்துவிடும்.

அப்புறம் தரை. இங்கேதான் பொறுமை வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விட்டிருக்கும். தண்டைப் பிடித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வேராகக் களைக்கொத்தால் தோண்டி எடுங்கள். ஒரு கணு விடுபட்டாலும் மறுபடி தழைக்கும். கண்டபடி அரிவாள் வீசிவிட்டுப் போவதைவிட வெட்டாமலே விடலாம்.

எடுத்ததைத் தார்ப்பாயில் குவித்து, நொறுங்கும் வரை வெயிலில் காய விடுங்கள். ஓடையில் மட்டும் போடாதீர்கள், கீழ்க்கரையில் போய் முளைக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறை நிலம் என்றால் அனுமதி வாங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வந்து புதுத் துளிர்களைப் பிடுங்குங்கள். மழை ஓயும் வரை மாதாமாதம் இது தேவை. காலியான இடத்தில் நாவல் போன்ற நம் மரக்கன்றுகளை நடுங்கள். அடர்ந்த நிழலில் மைக்கேனியாவால் தழைக்க முடியாது.