ரத்த மரபணு வெளிப்பாட்டில் அல்சைமர் பயோமார்க்கர் தேடுவது எப்படி

அல்சைமரைக் காட்டும் அடையாளத்தை (பயோமார்க்கர்) மரபணு வெளிப்பாட்டில், அதாவது ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு செயல்படுகிறது என்ற அளவில், தேட மூளைத் திசுவா, ரத்தமா? தரவைப் பதிவிறக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். மூளைத் திசு பெரும்பாலும் நோயாளி இறந்த பிறகுதான் கிடைக்கும். நோய் எப்படி முற்றுகிறது என்று அறிய அது உதவும்; கிளினிக்கில் பரிசோதனையாகப் பயன்படாது. அதிலும் ஒரு பொறி உண்டு. அல்சைமரில் நியூரான்கள் சாவதால் நியூரான் மரபணுக்கள் எல்லாமே குறைந்ததாகவும், ஜிஎஃப்ஏபி போன்ற ஆஸ்ட்ரோசைட் (நியூரான்களுக்குத் துணையான செல்) மரபணுக்கள் ஏறியதாகவும் தெரியும். மாறியது மரபணுவா, செல்களின் எண்ணிக்கையா என்று மாறிய மரபணுக்களின் பட்டியல் சொல்லாது. ஜிஎஸ்இ48350 என்ற மூளைத் திசுத் தரவுத் தொகுப்பை எடுத்தால் கவனம்: அதன் ஆரோக்கியக் குழுவில் 20 வயதினரும் இருக்கிறார்கள். 60 வயதுக்குக் கீழுள்ளவர்களை நீக்காவிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது முதுமையைத்தான்.

பரிசோதனையாக மாற்றும் எண்ணம் இருந்தால் ரத்தம். ஜியோ என்ற பொது மரபணுத் தரவுத் தளத்தில் ஜிஎஸ்இ63060, ஜிஎஸ்இ63061 என்ற இரண்டு தொகுப்புகளும் ஐரோப்பாவின் ஆட்நியூரோமெட் ஆய்விலிருந்து வந்தவை. முதலாவது இல்லுமினா எச்டி-12 என்ற, மரபணு வெளிப்பாட்டை அளக்கும் சிப்பின் 3ஆம் பதிப்பில் அளந்தது. அதில் 145 அல்சைமர், 80 லேசான அறிவாற்றல் குறைபாடு, 104 ஆரோக்கியமானவர்கள். இரண்டாவது 4ஆம் பதிப்பில் அளந்தது. நோயைக் கணிக்கும் கணிப்பு மாதிரிக்கு முதலாவதில் பயிற்சி, இரண்டாவதில் சோதனை. இரண்டாவதைக் கணிப்பு மாதிரி உறுதியாகும் வரை திறக்காதீர்கள். பயிற்சியில் அல்சைமரையும் ஆரோக்கியத்தையும் மட்டும் வையுங்கள். லேசான குறைபாட்டினரின் மதிப்பெண் இவ்விரண்டுக்கும் நடுவில் விழுகிறதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் மதிப்புகளின் உச்சத்தைப் பாருங்கள். 16ஐச் சுற்றி நின்றால் லாக் 2 (2ஐ அடியாகக் கொண்ட மடக்கை) ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் போனால் எடுக்கப்படவில்லை. இரண்டு முறை லாக் எடுத்தால் வேறுபாடுகள் நசுங்கிவிடும், ஆனால் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. அடுத்தது பாலினச் சரிபார்ப்பு: எக்ஸ்ஐஎஸ்டி மரபணு பெண்களிலும் ஆர்பிஎஸ்4ஒய்1 மரபணு ஆண்களிலும் உயர்ந்திருக்க வேண்டும். தொகுப்பிலுள்ள பாலினக் குறிப்புடன் முரண்படும் ரத்த மாதிரியை நீக்குங்கள். இது வீண் சடங்கல்ல. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தான் சோதித்த பொதுத் தொகுப்புகளில் 46 சதவீதத்தில் இப்படி மாறிப்போன மாதிரிகளைக் கண்டது.

ரத்தத்தில் பெரிய சிக்கல் வெள்ளணுக்களின் விகிதம். நியூட்ரோஃபில் கூடி லிம்போசைட் குறைந்தாலே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியதுபோல் தெரியும். ரத்த எண்ணிக்கை கையில் இல்லாததால் சைபர்சார்ட் மென்பொருளில் 22 செல் வகை கொண்ட எல்எம்22 அட்டவணையை வைத்து விகிதத்தை மதிப்பிடுங்கள். இதற்கு லாக் எடுக்காத மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். 22 வகைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 என்பதால் எல்லாவற்றையும் லிம்மாவின் (குழுக்களிடையே மாறிய மரபணுக்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) கணித மாதிரியில் நுழைத்தால் கணக்கு உடையும். நியூட்ரோஃபில், சிடி8 டி செல், மோனோசைட் என இரண்டு மூன்று போதும். அவற்றோடு வயதையும் பாலினத்தையும் சேருங்கள்.

செல் விகிதத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுங்கள். சேர்த்ததும் மறையும் மரபணு வெள்ளணுக் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் தற்செயலாகத் தேறுபவற்றைக் கட்டுப்படுத்தும் பென்ஜமினி-ஹாக்பெர்க் திருத்தத்தில் 0.05 வரம்பு வைக்கலாம். ஆனால் 'இரட்டிப்பாவது மாற வேண்டும்' என்ற வழக்கமான வடிகட்டி இங்கே உதவாது. ரத்தத்தில் லாக் 2 அளவில் 0.2 முதல் 0.5 வரையிலான மாற்றமே பெரியது. என்டியுஎஃப்ஏ1, ஆர்பிஎல்36ஏஎல் போன்ற மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் மரபணுக்கள் குறைந்து வருவது இந்தத் தொகுப்பில் எதிர்பார்க்க வேண்டியது. அவை குறைவதற்குப் பதில் ஏறியதாகத் தெரிந்தால் குழுப் பெயர்களைத் தலைகீழாகப் பொருத்திவிட்டோமா என்று பாருங்கள்.

கணிப்பு மாதிரி கட்டும் இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மொத்தத் தரவிலும் லிம்மா ஓட்டி 50 மரபணுக்களைத் தேர்ந்து, பிறகு அதே தரவில் குறுக்குச் சரிபார்ப்பு (தரவை மடிப்புகளாகப் பிரித்து, ஒன்றை ஒதுக்கி மற்றவற்றில் பயிற்றுவித்துச் சோதிப்பது) செய்தால், விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியதாகும். தேர்வு, அளவு சீராக்கல், லாம்டாவை (எவ்வளவு மரபணுக்களைக் கழிப்பது என்பதைக் கட்டுப்படுத்தும் எண்) முடிவு செய்தல் எல்லாம் ஒவ்வொரு மடிப்பின் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். வெளிச் சுற்றுக்கு 5 மடிப்பு, உள்ளே 10 மடிப்பு, கிளெம்நெட் என்ற கணிப்பு மென்பொருளில் ஆல்ஃபா அமைப்பு 0.5 என்று தொடங்குங்கள். வெளிச் சுற்றை 20 முறை மாற்றிக் கலைத்து ஓட்டி, 80 சதவீதத்துக்கு மேல் தேர்வாகும் மரபணுக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோய்ப் பெயர்களைக் கலைத்துப்போட்டும் ஒருமுறை ஓட்டுங்கள்: ஏயுசி (இரு குழுக்களையும் பிரிக்கும் திறன்; 0.5 என்றால் தற்செயல், 1 என்றால் முழுமை) 0.5ஐ ஒட்டி வர வேண்டும். 0.65 வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

இரண்டு சிப் பதிப்புகளையும் சேர்த்து காம்பேட் (தொகுப்புகளுக்கிடையிலான தொழில்நுட்ப வேறுபாட்டை நீக்கும் முறை) போடத் தோன்றும். நோய்ப் பெயரையும் கொடுத்து அப்படிச் செய்தால் சோதனைத் தரவு கறைபட்டுவிடும். ஒவ்வொரு தொகுப்பையும் தனியே இசட் மதிப்பாக்குவது (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என மாற்றுவது) பரவாயில்லை, ஆனால் நாளை தனியாக வரும் ஒரு நோயாளிக்கு இசட் மதிப்பை எதை வைத்துக் கணக்கிடுவது? ஒரே ரத்த மாதிரிக்குள் இரண்டு மரபணுக்களின் வித்தியாசத்தை எடுப்பதே எங்கள் விருப்பம். அது மற்ற மாதிரிகளை நம்பியிருப்பதில்லை.

வெறும் வயதும் பாலினமும் கொண்ட கணிப்பு மாதிரியின் ஏயுசியைப் பக்கத்தில் வைக்காமல் எந்த எண்ணையும் அறிவிக்காதீர்கள். ஜிஎஸ்இ99039 என்ற பார்க்கின்சன் ரத்தத் தொகுப்பிலும் உங்கள் மரபணுக்களைப் பாருங்கள். அங்கும் அதே மாற்றம் தெரிந்தால் அது பொதுவான அழற்சியாகவோ உடல் தளர்ச்சியாகவோ இருக்கலாம். ஆட்நியூரோமெட்டில் நோய் முடிவு மருத்துவ அறிகுறிகளை வைத்துச் செய்யப்பட்டது. 'ஆரோக்கியமான' சிலரின் மூளையில் அமிலாய்டு (அல்சைமரில் படியும் புரதம்) ஏற்கெனவே படிந்திருக்கக்கூடும். எனவே 0.95 வந்தால் மகிழ்வதற்கு முன் கசிவைத் தேடுங்கள். ரத்தத்தில் பி-டாவ்217 புரதத்தையும் அமிலாய்டையும் ஒப்பிடும் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி அளித்துவிட்டது. அது சொல்லாத எதை உங்கள் பட்டியல் சொல்கிறது என்ற கேள்வி நிச்சயம் வரும்.

கடைசியாக, தேர்ந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக அளந்து உறுதிசெய்யும் க்யூபிசிஆர். லாக் 2இல் 0.3 மாற்றம் என்றால் ஏறத்தாழ 0.3 சிடி (சமிக்ஞை வரம்பைத் தொடும் சுழற்சி எண்) வித்தியாசம்தான். பைப்பெட் பிசகே அந்த அளவுக்கு வரும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று குழிகளில் ஓட்டுங்கள், குறைந்தது இரண்டு ஒப்பீட்டு மரபணுக்கள் வையுங்கள். அந்த ஒப்பீட்டு மரபணுக்கள் உங்கள் நோயாளிகளில் மாறவில்லை என்பதை முதலில் சிப் தரவிலேயே சரிபாருங்கள். ரைபோசோம் மரபணுவை ஒப்பீட்டுக்கு எடுக்கும் பழக்கம் இந்த நோயின் ரத்தத்தில் முடிவைக் கவிழ்த்துவிடும்.