ஆடுகிற பிள்ளையை ஆட விடுங்கள்: ஆட்டிசக் குழந்தையின் ஸ்டிம்மிங்குக்கு வீட்டில் செய்யவேண்டியவை

கையை உதறுவது, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவது, நின்ற இடத்தில் சுற்றுவது, சட்டைக் காலரைக் கடிப்பது: ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் இவற்றை ஸ்டிம்மிங் என்கிறார்கள். உடலின் சமநிலையை உணர்வது உள்காது. கை கால் எங்கே இருக்கின்றன என்ற செய்தி தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வருகிறது. இந்தச் செய்திகள் சில பிள்ளைகளுக்குப் போதாமலும் சிலருக்கு அளவுக்கு மீறியும் வருகின்றன. ஆட்டம் அதைச் சரிக்கட்டும் வழிகளில் ஒன்று. ஆட்டிசத்தை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 வரையறையில் இந்தப் புலன் வேறுபாடுகள் 2013-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

எனவே ஆட்டத்தை நிறுத்தும் வேலை நமக்கு வேண்டாம். காயமில்லாமல் ஆட வசதி செய்து கொடுத்தால் போதும். கையைப் பிடித்துக் கட்டினால் அந்தத் தேவை வேறு வழி தேடும். உதறிய கை அடங்கிவிட்டது என்று பார்த்தால், புறங்கையில் பல் தடம் இருக்கும்.

படி 1: ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

ஐந்து கட்டம் போதும்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எவ்வளவு நேரம், பிறகு எப்படி இருந்தது. இப்படி:

காலை 8.30. மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. துள்ளித் துள்ளிக் கை உதறல். 2 நிமிடம். சிரிப்பு.

மாலை 5.10. மிக்ஸி ஓடியது. காதைப் பொத்திக்கொண்டு ஆட்டம். 12 நிமிடம். பிறகு தானே வந்து தண்ணீர் கேட்டது.

முதலாவது மகிழ்ச்சி, அதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, கூடச் சிரிக்கலாம். இரண்டாவது சத்தம் தாங்காத ஆட்டம். அங்கே மாறவேண்டியது மிக்ஸி ஓடும் நேரமோ பிள்ளை இருக்கும் அறையோதான். மூன்றாவது வகை, உடம்பு அசைவைக் கேட்கும் ஆட்டம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது கூடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு என்பதால் இதை நிறையவே பார்ப்பீர்கள். "காரணமில்லாமல் ஆடினான்" என்று எழுத நேர்ந்தால் அரை மணி நேரம் பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே கிடைக்கும்.

படி 2: டாக்டரிடம் போகவேண்டியதைப் பிரித்தெடுங்கள்

இதுவரை இல்லாத தலைமுட்டல் திடீரென்று தொடங்கினால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பேசத் தெரியாத பிள்ளை வலியைச் சொல்ல இதுவும் ஒரு வழி.

இன்னொன்று வலிப்பு. ஸ்டிம்மிங் என்றால் பிடித்த பொருளைக் காட்டினாலோ தோளைத் தொட்டாலோ கொஞ்சமாவது நிற்கும், பிள்ளை திரும்பிப் பார்க்கும். தொட்டும் நிற்காமல், கண் ஒரே இடத்தில் நிலைத்து, முடிந்ததும் பிள்ளை குழம்பியோ சோர்ந்தோ கிடந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது டாக்டருக்கு உதவும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். போகும்போது படி 1 நோட்டையும் கொண்டுபோங்கள்.

படி 3: ஊஞ்சல்

செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள். விலை உயர்ந்த பொம்மைகளைவிட நல்ல ஊஞ்சல் ஒன்று அதிகம் உதவும்.

தொங்கவிடும் இடம்: ஃபேன் கொக்கியை நம்பாதீர்கள். அது அசையாத எடைக்குப் போட்டது. வேகமாக ஆடும்போது இழுப்பு பிள்ளையின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறலாம். கூரை வார்க்கும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய ஊஞ்சல் கொக்கி இருந்தால் நல்லது. ஓட்டு வீடென்றால் கயிற்றை உத்திரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும், அதில் ஆணி அடித்துத் தொங்கவிடக் கூடாது. முதலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் உத்திரத்தை நீளவாக்கில் தட்டிப் பாருங்கள்; பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் கறையான் இருக்கலாம். வாடகை வீடா? வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்ட் செய்து வாங்குங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக்காற்று கொக்கியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், மாதம் ஒருமுறை துணியால் துடைத்துத் துரு பாருங்கள்.

கயிறு: 12 மி.மீ பின்னல் நைலான். தென்னங்கயிறு கையைக் கிழிக்கும், ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும்.

பலகை: 45 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 2 செ.மீ தடிமன். அயனி, பலா இரண்டும் நல்லது. மூலைக்கு ஒன்றாக நான்கு துளை போட்டு, கயிற்றைப் பலகைக்கு அடியில் குறுக்காகக் கொண்டுவந்து மறுபக்கத் துளையில் ஏற்றுங்கள். பலகை பிளந்தாலும் கயிறு தாங்கிக்கொள்ளும். விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள்.

உயரம்: பிள்ளை உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும். முன்னும் பின்னும் 2 மீட்டர், பக்கவாட்டில் 1 மீட்டர் காலியிடம் விடுங்கள். கீழே மெத்தை போடுங்கள், பாய் போதாது.

சோதனை: வீட்டில் எடை கூடிய பெரியவர் ஏறி ஐந்து நிமிடம் வேகமாக ஆடட்டும். பிறகு ஒவ்வொரு முடிச்சையும் பாருங்கள்.

சேலைத் தொட்டில் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பிள்ளை அதில் சுற்றும்போது துணி முறுக்கிக் கழுத்தில் இறுகும். தமிழ்நாட்டில் பிள்ளைகள் இப்படி இறந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பலகை ஊஞ்சலானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆடும் முறை: முன்னும் பின்னும் மெதுவாக, ஒரே சீராக ஆடினால் பிள்ளை அமைதியாகும். வட்டமாகச் சுற்றினால் உசுப்பேறும். தூங்கப் போகும்முன் சுற்றிவிட்டு, பத்து மணிக்கு "ஏன் உறங்கவில்லை" என்று கேட்டுப் பயனில்லை. பள்ளிக்குக் கிளம்பும்முன் 10 நிமிடம், வந்ததும் 15 நிமிடம் என்று ஆரம்பியுங்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் வேண்டாம். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். தள்ளிவிடுவதைவிடப் பிள்ளையே உந்தி ஆடுவது நல்லது. எப்போது போதும் என்று அதற்குத் தெரியும். வலிப்பு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அடம்பிடித்தால் ஊஞ்சலைக் கழற்றி வைப்பது என்ற தண்டனை மட்டும் கூடாது. அடம் அடங்க அப்போதுதான் அது தேவை.

படி 4: பாரமான வேலை

தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கும் வேலைகள் பல பிள்ளைகளை நிதானப்படுத்தும். உரித்த தேங்காய் இரண்டை வாளியில் போட்டு முற்றத்திலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். செடிக்குத் தண்ணீர் சுமப்பது, சுவரை இரு கையாலும் பத்துமுறை தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்முன் பத்து நிமிடம் செய்தால் உட்காரும் நேரம் கூடலாம்.

மடியில் வைக்கும் பாரப்பையும் தைக்கலாம். அழுத்தமான காட்டன் துணியில் உறை, உள்ளே வறுத்து ஆறவைத்த புளியங்கொட்டை. கொட்டை சிந்தி வாயில் போகாமலிருக்க இரட்டை உறை, இரட்டைத் தையல். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 1 கிலோ போதும். 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று தள்ளினால் விட்டுவிடுங்கள். பாரமான போர்வையைத் தூக்கத்துக்கென்று விற்பவர்களிடம் காசு கொடுக்கும்முன் ஒன்று: இங்கிலாந்தில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், அதைப் போர்த்திய ஆட்டிசப் பிள்ளைகளின் தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் சாதாரணப் போர்வையைவிடப் பல பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது.

படி 5: வாய்க்கும் கைக்கும்

காலர் கடிக்கும் பிள்ளைக்கு உணவுத்தர சிலிக்கான் கடிப்பான் வாங்குங்கள். தினமும் கழுவி, பல் பதிந்து கீறல் விழுந்ததும் மாற்றுங்கள். ரப்பர் பேண்ட், பலூன், அழிரப்பர் கூடாது, தொண்டையில் சிக்கும். நன்றாக மென்று தின்னத் தெரிந்த வயதில் ஏத்தங்காய் சிப்ஸ், கேரட் போன்ற கடினமான தீனி கொடுக்கலாம். கைக்கு ஒரு துண்டுக் கயிற்றில் நாலு முடிச்சு போட்டுக் கொடுத்தாலே பல பிள்ளைகளுக்குப் போதும்.

படி 6: வெளியே போகும்போது

சங்குத்துறைக் கடற்கரையிலோ சொத்தவிளையிலோ ஈர மணலைத் தோண்டுவதும் வாளியில் அள்ளிச் சுமப்பதும் நல்ல பாரவேலை. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு, ஆபத்துத் தெரியாது. கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பெரிய அலை) எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலுக்கும் போகாதீர்கள். வீட்டருகே குளமோ கால்வாயோ இருந்தால் வாசல் கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, சுசீந்திரம் தேர் எதுவானாலும் ஸ்பீக்கரும் வெடியும் இருக்கும். கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். காதை மூடும் மஃப் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழக்காவிட்டால் அங்கே பிடுங்கி எறிந்துவிடும். திரும்பிவர உங்கள் வண்டியை வெளியே எடுக்கக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள்.

படி 7: மற்றவர்களிடம் சொல்வது

"சும்மா இரி மக்கா" என்று பாட்டாவோ பாட்டியோ கையைப் பிடிப்பது பாசத்தில்தான். நீண்ட விளக்கம் வேண்டாம். "அது அவனுக்கு ஆறுதல் பாட்டா, நிறுத்தினா அழுவான்" என்றால் போதும். ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டு 2019-ல் வெளியிட்ட ஆய்விலும் அவர்கள் இதையேதான் சொன்னார்கள்: ஆட்டம் நிதானம் தருகிறது, அதை நிறுத்தவைக்கும் சிகிச்சை வேண்டாம்.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நான்கு விஷயம்: பிள்ளை என்ன செய்யும், அதனால் யாருக்கும் கேடில்லை, பாடத்தின் நடுவே எழுந்து போர்டை அழிக்கவோ நோட்டுகளைச் சுமந்து வைக்கவோ விடவேண்டும், தலையை முட்டினால் தலைக்கும் சுவருக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டு உங்களுக்கு போன் செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் ஆட்டிசமும் உண்டு, பள்ளி தகுந்த வசதி செய்து தரவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதைக் கடிதத்தின் கடைசி வரியில், சண்டைக்கு இழுக்காத தொனியில் எழுதி, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு மாறும் ஒவ்வொரு ஜூனிலும் புது ஆசிரியருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.