பயாஸைப் புதுப்பிக்கும் முன்: ராமநாதபுரம் கடலோரக் கடைக்காரர்களுக்கு

விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து கணினியின் ஃபர்ம்வேரும், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் இயங்கத் தொடங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளும், மாறிவிடலாம் என்பதை, மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் இணைய மையமும் நடத்துவோர் பலர் கவனிப்பதில்லை. எப்போது மாற்றுவது என்பதை உரிமையாளரே முடிவு செய்ய வேண்டுமானால், முதலில் பயாஸ் செட்டப்புக்குள் சென்று, விண்டோஸ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்க விடும் யூஇஎஃப்ஐ கேப்சூல் அப்டேட் அல்லது அதையொத்த பெயரில் உள்ள வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். அங்குள்ள ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. இப்போதுள்ள பதிப்பு எண்ணை விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் காணலாம்.

அதற்காகப் புதுப்பிப்பையே ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 2018 தொடக்கத்தில் வெளியான ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்புக் குறைபாட்டுக்கும், 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் தெரியவந்த மின்னழுத்தச் சிக்கலுக்கும் தீர்வின் ஒரு முக்கியப் பகுதி, செயலிக்குள் இயங்கும் சிறு நிரலான மைக்ரோகோடாக வந்தது. அது பல நேரங்களில் பயாஸ் வழியாகவே கிடைக்கும். ஆகவே தயாரிப்பாளர் தரும் மாற்றக் குறிப்பைப் படித்து, நம் மாடலுக்கு அது எதைச் சரிசெய்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்பதே அதில் முக்கியமான கேள்வி. சில மாடல்கள் பின்னோக்கிச் செல்வதை அடியோடு தடுத்துவிடும். அந்த முடிவைக் கணினியை வாங்கியவரிடம் கேட்காமல் தயாரிப்பாளர் எடுப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயங்கும் கணினியில், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும். இல்லையெனில் மறுதொடக்கத்தில் அந்தச் சாவியைக் கேட்டுக் கணினி நின்றுவிடக்கூடும்.

வாடைக்காற்று ஓங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரத்தை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. புதிய பயாஸ் பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே செயலற்றுப் போகலாம் என்பதால், மேசைக் கணினிக்கு யூபிஎஸ்ஸும், மடிக்கணினிக்கு நிறைந்த பேட்டரியோடு சார்ஜரும் வேண்டும். உப்புக்காற்றில், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரியின் பிடிப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். அந்தத் தொடர்பு விட்டுப்போனால் பல மேசைக் கணினிகளில் கடிகாரத்தோடு நாம் மாற்றிய அமைப்புகளும் அழிந்துவிடும்.

முடிந்ததும் பழைய படங்களை வைத்துக்கொண்டு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு), பூட் வரிசை (எந்த வட்டிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை) ஆகியவற்றை ஒப்பிடுங்கள். நிறுத்தி வைத்த கேப்சூல் வசதி தானாகவே மீண்டும் இயக்கத்துக்கு வந்திருந்தால், அதை மறுபடியும் நிறுத்துங்கள்.