தப்பு காயும்வரை காத்திருங்கள்

செம்பனை (எண்ணெய்ப் பனை) பழக்குலை ஏற்றும் லாரியை 31 ஆண்டுகள் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். திடலில் கிராமிய இசை விழா நடக்கும் இரவுகளில் வண்டிகளுக்கு இடம் காட்டுவதும் நாற்காலி போடுவதும் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. மேடைக்கு முதுகைக் காட்டியே நிற்பதால் ஆட்டத்தைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தப்பு என்கிற பறை, உருமி மேளம், கரகம், தோட்டத்துப் பாட்டு எல்லாம் பார்க்க, கேட்க முதன்முதலாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. திடலை ஒட்டிய செம்மண் சாலை அகலமாக, காலியாகத் தெரியும். அங்கே நிறுத்தாதீர்கள், அது லாரிப் பாதை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் விழுந்துவிடும். திருவிழா என்பதற்காகக் குலை காத்திருக்காது. ஒருமுறை ஒருவர் காரை அங்கே விட்டுவிட்டு, முன் வரிசையில் கண்ணை மூடி உருமியில் கரைந்துபோயிருந்தார். ஒலிபெருக்கியில் நான்கு முறை வண்டி எண்ணைப் படித்தோம். ஐந்தாவது முறை உருமியையே நிறுத்திவிட்டுப் படித்தோம். அவர் எழுந்து ஓடியபோது கூட்டம் கைதட்டியது. அன்றிரவு அதைவிடப் பெரிய கைதட்டல் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். மாதத்தைப் பொறுத்து ஏழு, ஏழரை வாக்கில் மக்ரிப் பாங்கு ஒலிக்கும். பள்ளிவாசல் கூப்பிடு தூரம்தான். பாங்கு முடியும்வரை ஒருவரும் மேளத்தைத் தொடமாட்டார்கள். கூட்டமும் சீட்டி, கூச்சல் எதுவும் இல்லாமல் இருக்கவேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொழும்போது நாம் செய்கிற காரியம், அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை கொட்டும். புல் ஊறிக் கிடக்கும். பாய் கொண்டுவருபவர்கள் அடியில் விரிக்க ஒரு நெகிழி விரிப்பையும் கொண்டுவரவும். குடை வேண்டாம், மழைச்சட்டை போதும். நீங்கள் குடை விரித்தால் பின்னால் இருக்கும் ஆறு பேருக்கு மேடை இல்லை.

இனித் தப்பு. முதல் முறை வருகிறவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். ஆட்டக்காரர்கள் சலங்கையைக் கட்டிவிட்டு மேடைக்கு வராமல், ஓரத்தில் நெருப்பு மூட்டித் தப்பைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். தாமதம் என்று நினைக்காதீர்கள். தப்பின் முகம் தோல். ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து சத்தம் சொதசொதவென்று ஆகிவிடும். சூட்டில் இறுகினால்தான் அந்த வெட்டுச் சத்தம் வரும். தமிழ்நாட்டில் வைக்கோல் போட்டுக் காய்ச்சுவார்களாம். எங்களுக்கு வைக்கோலுக்கு எங்கே போக? பழைய நாளிதழும் அட்டைப்பெட்டியும்தான். நம் ஊர்க் காற்றில் ஒரு முறை காய்ச்சினால் போதாது, இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை நெருப்புக்குத் திரும்பவேண்டியிருக்கும். அப்போது "ஆரம்பியுங்கள்" என்று கத்தாதீர்கள். நெருப்பருகே போய் நின்று படம் எடுக்காதீர்கள், பொறி பறக்கும். வேண்டுமானால் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய அவர் ஒரு தட்டு தட்டுவார், தலையைச் சாய்ப்பார், மறுபடி நெருப்பில் காட்டுவார். மூன்றாவது தட்டில் சத்தம் மாறுவது உங்கள் காதுக்கே தெரியும். என்னைக் கேட்டால், மேடையில் நடப்பதைவிட அது நல்ல நிகழ்ச்சி.

தரையில் இருக்கும் தப்பைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கேட்காமல் தட்டிப் பார்க்காதீர்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். "இது சாவு மேளம்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர் ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது வந்துவிடுகிறார். என் அப்பா காலையில் பால்மரம் வெட்டுவார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுப்பார். தோட்டத்தில் சாவு விழுந்தாலும் சாமி புறப்பட்டாலும் தப்பு அடிப்பார். அடித்து முடித்தபின் அவருக்குத் தேநீர் தனிக் குவளையில் வந்தது. கடல் தாண்டி வந்த மக்கள் சாதியை நாகப்பட்டினத்துக் கரையில் விட்டுவிட்டு வரவில்லை. அவர் தப்பை லயத்து வீட்டின் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். நான் தொட்டால் அடிப்பார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலத்துக்கும் தனித்தனிப் பறை உண்டு என்று இலக்கணம் சொல்வதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அப்பா அதைக் கேட்காமலே போய்விட்டார். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். என்னிடம் கேட்டால் உங்களுக்கு மிகத் தொலைவான இடத்தில் வண்டி நிறுத்தக் காட்டுவேன்.

எங்கே உட்காருவது? முன் வரிசை நல்ல இடம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே இருக்கிறது. லாரி ஓட்டியதில் சன்னல் பக்கத்து வலது காது எனக்கு மந்தம். வேலையிடத்தில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள்: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். குழந்தையை அந்தப் பெட்டியின் முன் உட்கார வைக்கிறவர்களை நான் எழுப்பி மாற்றிவிடுவேன், கோபித்தாலும் சரி. மேடைக்குப் பக்கவாட்டில், உருமிக்காரர் நிற்கும் ஓரமாக உட்காருங்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும்போது வருகிற அந்த உறுமல் பெட்டி வழியாக வந்தால் வெறும் இரைச்சல். நேராக வந்தால் நெஞ்சுக்குள் இறங்கும். நான் இடது காதைத் திருப்பிக்கொண்டு அங்கேதான் நிற்பேன்.

உருமி வேகம் எடுக்கும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வரலாம். இசை விழாதான், கோயில் இல்லை; ஆனாலும் இதே அடியைக் கோயிலில் கேட்டு வளர்ந்த உடம்புக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. அப்போது செய்யவேண்டியது: பின்னால் நகர்ந்து இடம் விடுங்கள். நாற்காலிகளை அப்புறப்படுத்துங்கள். அவரோடு வந்தவர்களையும் விழாக் குழுப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். திருநீறு, தண்ணீர் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேளக்காரர்களும் அடியைத் தளர்த்துவார்கள். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். முடி அவிழ்ந்து, சேலை விலகி நிற்கும் ஒரு பெண்ணின் படம் அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஊரெல்லாம் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்தம்மா திடல் பக்கம் வரவே இல்லை.

பொதுவாகவும் கைப்பேசிக்கு ஒரு பாட்டு போதும். கையகலத் திரைக்கே இப்படிச் சொல்கிறேன் என்றால், தலைக்குமேல் தட்டைக் கணினியைத் தூக்கிப் பிடிப்பவரைப் பற்றி என்ன சொல்ல!

அன்பளிப்பு கொடுப்பது நல்ல பழக்கம். பத்து வெள்ளியோ (ரிங்கிட்) ஐம்பது வெள்ளியோ, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கொடுங்கள். சட்டையில் குத்துவதாக இருந்தால் ஆண் கலைஞருக்கு மட்டும், அதுவும் அவர் தலையசைத்த பிறகு. பெண்களுக்குத் தட்டில் வையுங்கள். கரகம் ஆடுபவரிடம் ஆட்டத்தின் நடுவே போகவே கூடாது. தலையில் குடம் நிற்பது கழுத்தின் கணக்கில். உங்கள் கை குறுக்கே வந்தால் கணக்குத் தப்பும்.

பாட்டிமார் பாடும் நேரம் கூட்டம் எழுந்து மீ கோரெங் வாங்கப் போகிறது. போகாதீர்கள். ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசியது, வாளி சுமந்தது எல்லாம் அந்தப் பாட்டுகளில்தான் இருக்கின்றன. பாடுகிறவர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது "ஆமாம்" என்று ஒரு குரல் கொடுங்கள், அவருக்கு அடுத்த அடி தானாக வரும். குலவை போடத் தெரிந்த பெண்கள் போடலாம். "சினிமாப் பாட்டு பாடுங்கள் பாட்டி" என்று கேட்காதீர்கள். ஒப்பாரி பாடினால் கைதட்டாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டார்கள். பாடிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என் புருஷனுக்குப் பாடினேன் தம்பி" என்று என்னிடம் சொன்னார். பேசாமல் இருங்கள். அடுத்தவர் வந்து கும்மி தொடங்கியதும் சேர்த்துத் தட்டிக்கொள்ளலாம்.

கடைசியில் எல்லாரையும் வட்டத்துக்குள் ஆடக் கூப்பிடுவார்கள். காலணியைக் கழற்றிவிட்டு வெளிவட்டத்தில் சேருங்கள். ஆட்டக்காரரின் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்தால் அடவு பிடிபடும். தப்பாக ஆடினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நான் சிரிப்பேன், ஆனால் இருட்டில் நிற்பேன்.

போகும்போது தேநீர்க் குவளையைப் புல்லில் விடாதீர்கள். மழை பெய்து அதில் தண்ணீர் தேங்கினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு பறக்கும், நீங்கள் ஊர் போய்விட்டிருப்பீர்கள். உங்கள் நாற்காலியை நீங்களே கொண்டுவந்து அடுக்கினால் நான் பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போவேன். பத்துக்குமேல் அடுக்காதீர்கள், சாய்ந்துவிடும்.