போக்கிமான் பயர்ரெட்: முதல் பேட்ஜ் வரை கூடவே வருகிறேன்

போக்கிமான் என்ற விநோத உயிர்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிட வைக்கும் விளையாட்டுத் தொடரை எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் பயர்ரெட். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான ரெட், கிரீன் என்ற இரண்டு கேம்பாய் விளையாட்டுகளை, அவற்றை உருவாக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனமே 2004-ல் கேம்பாய் அட்வான்ஸுக்காகப் புதுப்பித்தது. அப்படிப் பிறந்தவை பயர்ரெட், லீஃப்கிரீன். கதையும் ஊர்களும் பழையவைதான். ஆனால் பழையதில் புதியவர் முட்டி மோதிக்கொண்ட இடங்களில் எல்லாம் இதில் யாராவது வந்து கைபிடித்து அழைத்துப்போகிறார்கள். பழையதில் பையனாக மட்டுமே ஆடலாம். இதில் பெண்ணாகவும் ஆடலாம்.

ஜிம் என்ற சண்டைக்கூடத்தின் தலைவரை வென்றால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். முதல் பேட்ஜ் வாங்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் விளையாட்டின் அடிப்படை எல்லாம் வந்துவிடும்.

கேசட் வாங்குவதற்கு முன்

அசல் பயர்ரெட் கேசட்டின் ஓடு சிவப்பு, லீஃப்கிரீனுடையது பச்சை. கேம்பாய் அட்வான்ஸ், அதன் மடக்கு வடிவமான எஸ்பி, நின்டென்டோ டிஎஸ், டிஎஸ் லைட் ஆகிய நான்கிலும் ஓடும். டிஎஸ் கருவிகளில் இணைப்புக் கம்பி செருக இடமில்லை என்பதால் நண்பருடன் போக்கிமான் மாற்றிக்கொள்ள முடியாது. தனியாக ஆடுபவருக்கு அதில் நஷ்டமில்லை.

பழைய பொருள் விற்கும் கடையில் விலை மலிவாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை போலி கேசட் வாங்கினேன். மூன்று பேட்ஜ் சேர்த்த பிறகு ஒரு நாள் காலையில் திறந்தால், சேமித்தது எதுவுமே இல்லை. அசல் கேசட் சேமிப்பை மின்கலம் இல்லாமலே வைத்துக்கொள்ளும். போலிகள் பலவற்றுள் சிறு மின்கலம் இருக்கும். அது தீர்ந்தால் உங்கள் உழைப்பும் தீர்ந்தது. வாங்கியதும் ஒருமுறை சேமித்து, அணைத்து, மறுநாள் திறந்து பாருங்கள்.

படி 1: அமைப்புகள்

விளையாட்டு தொடங்கியதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆப்ஷன் பகுதிக்குப் போய் எழுத்து வேகத்தை ஃபாஸ்ட் என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். எல் அல்லது ஆர் பட்டனை அழுத்தினால் உதவிப் பக்கம் திறக்கும். ஒரு சொல் புரியவில்லை என்றால் அங்கே தேடலாம். சேமிப்பதும் ஸ்டார்ட் பட்டியலில்தான். சேமிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஆகவே தம்பி தங்கையிடம் கருவியைக் கொடுக்கும்போது 'நியூ கேம்' பக்கம் போகாதே என்று சொல்லிக் கொடுங்கள்.

படி 2: அறையிலிருந்து புல்வெளிக்கு

உங்கள் அறையில் இருக்கும் கணினியில் ஒரு போஷன், அதாவது உயிரேற்றும் மருந்து, கிடக்கிறது. பெரும்பாலானோர் பார்க்காமலே படியிறங்கிவிடுவார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேலட் டவுனின் வடக்கே உள்ள புல்லுக்குள் காலை வையுங்கள். பேராசிரியர் ஓக் ஓடிவந்து தடுத்து, தன் ஆய்வகத்துக்கு அழைத்துப்போவார். மேசையில் மூன்று பந்துகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போக்கிமான்.

படி 3: யாரைத் தேர்ந்தெடுப்பது?

புல்பசார் புல் வகை, ஸ்குவர்ட்டில் நீர் வகை, சார்மாண்டர் நெருப்பு வகை. பார்க்கப் பிடித்ததை எடு என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் பேட்ஜ் வைத்திருக்கும் ப்ராக்கிடம் இருக்கும் இரண்டு போக்கிமானும் பாறையும் மண்ணும் கலந்தவை. புல்லும் நீரும் அவற்றை நான்கு மடங்கு தாக்கும். பாறையை நெருப்பு பாதிதான் சுடும்.

எனவே முதல்முறை ஆடுபவருக்கு என் பரிந்துரை புல்பசார். பத்தாவது லெவலில் வைன் விப் என்ற புல் தாக்குதலைக் கற்றுக்கொள்ளும். ஸ்குவர்ட்டில் ஏழாவது லெவலில் பபிள் கற்கும், அதுவும் போதும். சார்மாண்டர்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் எடுங்கள், கீழே உங்களுக்குத் தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எடுத்ததற்கு எதிரான வகையை ஓக்கின் பேரன் எடுத்துக்கொண்டு உடனே சண்டைக்கு வருவான். பக்கத்தில் நின்று ஓக்கே சொல்லிக்கொடுப்பார். தோற்றாலும் கதை நகரும், பயம் வேண்டாம்.

படி 4: பார்சலும் ஐந்து பந்துகளும்

வடக்கே நடந்து விரிடியன் சிட்டிக்குப் போங்கள். வழியில் நிற்கும் கடை ஊழியர் ஒருவர் மாதிரிக்கு ஒரு போஷன் தருவார். ஊரில் கடைக்குள் நுழைந்தால் ஓக்குக்கு ஒரு பார்சல் கொடுத்துவிடுவார்கள். அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் போக்கிமான் விவரங்களைப் பதியும் போக்கிடெக்ஸ் கருவியும், போக்கிமான் பிடிக்க ஐந்து போக்கி பந்துகளும் கிடைக்கும். அப்படியே பேரனின் வீட்டில் அவன் அக்காவிடம் பேசினால் வரைபடம் தருவாள்.

தொடக்கத்தில் உங்கள் கையில் 3000 யென் இருக்கும். பந்து 200, போஷன் 300, விஷமுறிவு மருந்து 100. நான் மூன்று விஷமுறிவு மருந்து வாங்குவேன். காரணம் அடுத்த படியில்.

பிடிப்பது இப்படி: எதிரியின் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு சிவப்பாகச் சுருங்கும் வரை தட்டுங்கள், கொன்றுவிடாதீர்கள், பிறகு பந்தை எறியுங்கள். முழு பலத்தோடு நிற்கும் பிட்ஜி என்ற பறவை மீது ஐந்து பந்தையும் வீணடித்தவன் நான். விரிடியனுக்கு மேற்கே உள்ள 22-ஆம் வழித்தடத்தில் மேங்கி கிடைக்கும். சண்டை வகையைச் சேர்ந்தது. பாறைக்கு ஆகாத வகை. அதே இடத்தில் பேரன் மறுபடி வம்புக்கு நிற்பான். முதலில் சேமியுங்கள்.

படி 5: விரிடியன் காடு

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மாச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்த பையன். அந்தப் பிள்ளைப் பருவம் அப்படியே இந்தக் காட்டுக்குள் இருக்கிறது: புழுக்கள், கூட்டுப்புழுக்கள், வலையோடு அலையும் சிறுவர்கள். ஒவ்வொரு மரத்தடியையும் சுற்றிப் பாருங்கள், கீழே கிடக்கும் பொருள்கள் கிடைக்கும்.

வீடில் என்ற புழு கொட்டினால் விஷம் ஏறும். சண்டை முடிந்த பிறகும் நடக்க நடக்க உயிர் குறையும். விஷமுறிவு மருந்து அதற்குத்தான். மருந்தில்லாமல் காட்டின் நடுவே சேமித்துவிட்டு, வாசலை எட்டுவதற்குள் மூன்று போக்கிமானும் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்ததைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

கேட்டர்பி என்ற புழு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழாவது லெவலில் கூடாகி, பத்தாவது லெவலில் பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சியாகிவிடும். கூடாக இருக்கும்போது சண்டைக்கு அவ்வளவாக உதவாது. அதை வரிசையில் முதலில் நிறுத்தி, சண்டை தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். களத்தில் முகம் காட்டியவர்களுக்கெல்லாம் அனுபவப் புள்ளி பங்காகும். பிகாச்சுவும் இந்தக் காட்டில் உண்டு, அபூர்வமாக. ப்ராக்கிடம் அதன் மின்சாரம் கொஞ்சமும் பலிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 6: ப்ராக்

பியூட்டர் சிட்டியில் முதலில் போக்கிமான் சென்டர். சிகிச்சை இலவசம். சேமித்துவிட்டு ஜிம்முக்குள் போங்கள்.

ப்ராக்கிடம் 12-ஆம் லெவல் ஜியோடூட், 14-ஆம் லெவல் ஓனிக்ஸ். வைன் விப் தெரிந்த புல்பசாருக்கு இது சண்டையே இல்லை. வந்த வேலை நாலைந்து அடியில் முடிந்துவிடும். பபிள் தெரிந்த ஸ்குவர்ட்டிலுக்கும் அப்படித்தான்.

சார்மாண்டர்காரர்களுக்கு: பழைய விளையாட்டில் இந்த இடத்தில் பலர் தவித்தார்கள். புதுப்பித்தவர்கள் இரக்கப்பட்டு, 13-ஆம் லெவலில் மெட்டல் க்ளா என்ற உலோகத் தாக்குதலைக் கொடுத்தார்கள். பாறையை உலோகம் இரண்டு மடங்கு அடிக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தத் தலைமுறை விளையாட்டுகளில் உலோகம் உடல் வழித் தாக்குதல். நெருப்பு சிறப்புத் தாக்குதல். ஓனிக்ஸின் உடல் தடுப்பு 160, சிறப்புத் தடுப்பு வெறும் 45. சார்மாண்டர் தன் சொந்த வகையான நெருப்பை வீசும்போது ஒன்றரை மடங்கு பலமும் சேரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 'அவ்வளவாகப் பலிக்கவில்லை' என்று திரை முகம் சுளிக்கும் எம்பர் என்ற நெருப்புத் தாக்குதல்கூட, 'பலமான அடி' என்று திரை பாராட்டும் மெட்டல் க்ளாவுக்குக் கொஞ்சம்தான் பின்தங்குகிறது. ஆனாலும் கூடுதலாகக் கடிப்பது மெட்டல் க்ளாதான்!  ஜியோடூட்டிடமும் இதே கதைதான். பட்டர்ஃப்ரீ பத்தாவது லெவலில் கற்கும் கன்ஃப்யூஷனும் சிறப்புத் தாக்குதலே, கூட்டிப்போங்கள். ஓனிக்ஸ் பாறையை எறிந்தால் பட்டாம்பூச்சி ஒரே அடியில் விழக்கூடும் என்பதால் ஜியோடூட்டோடு அதன் வேலையை முடித்துவிடுங்கள்.

தோற்றால் கொஞ்சம் பணம் போகும், சென்டரில் கண் விழிப்பீர்கள். காட்டுக்குத் திரும்பி இரண்டு லெவல் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பேட்ஜ் கைக்கு வந்த பிறகு

ஊரின் கிழக்கு வாசலை நோக்கி நடந்தால் ஓக்கின் உதவியாளர் வந்து ரன்னிங் ஷூ தருவார். அதன்பின் பி பட்டனை அழுத்திக்கொண்டே ஓடலாம். பழைய விளையாட்டில் இந்த வசதி இல்லை.

அடுத்து வருவது மூன் மலை. அதன் வாசலில் உள்ள போக்கிமான் சென்டரில் ஒருவர் 500 யென்னுக்கு மேஜிகார்ப் என்ற மீனை விற்பார். துள்ளுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. ஏமாற்று வியாபாரம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். 20-ஆம் லெவல் வரை பொறுமையாகச் சுமந்தால் அது கியாரடோஸ் ஆகிவிடும். போஷன் வாங்கியது போக 500 மிச்சமிருந்தால் வாங்கிவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் வாங்குகிறேன்.